டிபன் சாப்பிட ஒரு திண்ணை

மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட் சமையலறையில் நாலு நாற்காலி போட்டால் ஃபிரிட்ஜ் கதவு திறக்காது. அதனால் ஜன்னலோரம் திண்ணை மாதிரி ஒரு பெஞ்சு அடித்தோம். அடியில் அரிசி டப்பா. எதிரே இரண்டு மோடா, அதாவது பிரம்பு ஸ்டூல்.

இருக்கை வாங்குமுன் அளக்கிற டேப்பை எடுங்கள். இருக்கைக்கும் மேஜைக்கும் உயரத்தில் 10–12 அங்குலம் வித்தியாசம் வேண்டும். மேஜை 30 அங்குலமென்றால் இருக்கை 18. சமையல் மேடையிலேயே சாப்பிடுவதானால், அது 36 அங்குலம் இருந்தால் ஸ்டூல் 24–26. கால் வைக்கக் கம்பி இல்லாததை வாங்காதீர்கள், மூன்றாவது தோசைக்குள் கால் மரத்துவிடும். என் மாமியார் ஸ்டூலில் ஏறவே மாட்டார், அது வேறு கதை.

ரெக்சின் மெத்தை வேண்டாம். மே மாதத்தில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கழற்றித் துவைக்கிற பருத்தி உறை போடுங்கள், சாம்பார் சிந்தாத வீடு உண்டா? ஐப்பசி மழையில் மோடாவில் பூஞ்சை பிடிக்கும். வெயில் தலைகாட்டினால் உடனே மொட்டைமாடிக்குத் தூக்கிவிடுங்கள்.