ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோர் குழு: தொடங்கும்போது தவிர்க்க வேண்டியவை

தெரபி மையத்தின் வாசலில் தினமும் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பெற்றோர் "நாமே ஒரு குழுவாச் சேர்ந்தா என்ன?" என்று பேச ஆரம்பித்திருந்தால், தயங்காமல் தொடங்குங்கள். டெல்லியில் 1991-ல் உருவான 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கியவர் மெரி பருவா என்ற ஒரு தாய்தான். ஆனால் ஆசையாகத் தொடங்கிவிட்டுச் சில மாதங்களில் ஓய்ந்துபோகும் குழுக்களும் உண்டு.

எடுத்த எடுப்பில் சங்கமாகப் பதிவு செய்ய ஓட வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். விதிமுறை, நிர்வாகிகள், ஆண்டுக் கணக்கு எல்லாம் கூடவே வரும். யார் தலைவர், யார் செயலாளர் என்ற பேச்சிலேயே மனக்கசப்பு வந்துவிடும். நன்கொடை வாங்கும் நிலை வரும்போது பதிந்துகொள்ளலாம்.

வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தால் அம்மாக்கள் மட்டுமே வருவார்கள். அப்பாக்களும் வந்தாக வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை நல்லது. மைக், எதிரொலிக்கும் மண்டபம் வேண்டாம். சத்தம் தாங்காத பிள்ளைகள் தவித்துப்போவார்கள். பக்கத்தில் ஓர் அமைதியான அறை, பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். இது இல்லையென்றால் யாருடைய உதவியும் இல்லாத குடும்பம் வரவே முடியாது. குழு அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

பெரிய ஆபத்து, "முழுசா குணமாக்கிடலாம்" என்று வருகிறவர்கள். பணம் கட்டத் தயாராக இருக்கும் பெற்றோர் ஒரே இடத்தில் கிடைத்தால் அவர்கள் விடமாட்டார்கள். ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால், "அது அவரவர் விருப்பம்" என்று ஒதுங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிமுறைகள் ரத்தம் சார்ந்த சில நோய்கள் போன்றவற்றுக்குத்தான் ஸ்டெம் செல் சிகிச்சையை ஏற்கின்றன. ஆட்டிசம் அதில் இல்லை. குழுவில் யாரும் எதையும் விற்கக் கூடாது, எந்த மையத்துக்கும் ஆள் பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேச வரும் தெரபிஸ்ட்டுக்கும் அதே விதிதான்.

அப்புறம் வாட்ஸப். பிள்ளை தரையில் புரண்டு அழும் வீடியோவை ஆலோசனை கேட்டுப் போடுவார்கள். அது எத்தனை போன்களுக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து அதே ஊரில் நடமாடப் போகிறது. வீடியோ, மருத்துவ அறிக்கை இரண்டும் குழுவில் வேண்டாம். எழுதிக் கேட்டால் போதும்.

"நீ வேலைக்குப் போனதாலதான் இப்படி ஆச்சு" என்று எந்த அம்மாவிடமும் யாரும் சொல்ல விடாதீர்கள். தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். அது தவறு என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. வீட்டில் கேட்டுக் கேட்டு நொந்தவர் இங்கேயும் அதைக் கேட்டால் மறுமுறை வரமாட்டார்.

மனக்குறையைப் பேசுவதோடு நின்றுவிடுவதும் தவறுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி வாங்கியவர் அடுத்தவரோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூடப் போகலாம். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். தேவைப்பட்டால் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டத்தில் கலெக்டரோடு இயங்கும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே பேசுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். சத்தம் ஏன் வலிக்கிறது, பள்ளியில் எது உதவியது என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்ல யாராலும் முடியாது.

எல்லா வேலையையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். அவர் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத மாதம் கூட்டம் நின்றுபோகும். போன் எண்கள், அறைச் சாவி, அடுத்த தேதி மூன்றும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.