மரியாதை அணி சறுக்கும் இடங்கள்: கொடி, மணி, வயர்லெஸ்

அமெரிக்கச் சிற்றூர்களின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளில், இறந்த வீரரின் இறுதிச் சடங்கில் மரியாதை செலுத்தும் மரியாதை அணிக்கென்று தனி ஆட்கள் இல்லை. பகலில் பிளம்பராகவும் ஆசிரியராகவும் இருப்பவர்களே கையுறை மாட்டிக்கொண்டு அணிவகுக்கிறார்கள். ஒத்திகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கம்பத்தில் ஏற்றும் சின்னக் கொடி. சடங்கன்று கைக்கு வருவதோ 5 அடி அகலமும் 9½ அடி நீளமும் உள்ள, சவப்பெட்டிமேல் போர்த்தும் தேசியக் கொடி. சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

நட்சத்திரங்கள் உள்ள நீலப் பகுதி இறந்தவரின் தலைப்பக்கம், இடது தோளுக்கு மேலே வர வேண்டும். மூடிய பெட்டியில் தலை எந்தப் பக்கம் என்று ஊகிக்காதீர்கள், சவ அடக்க நிலையத்தாரிடம் கேளுங்கள். மடிக்கும்போது நீளவாக்கில் இரண்டு மடிப்பு, நீலம் வெளியே தெரியும்படி. பிறகு கோடுகள் மட்டும் உள்ள முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துவர வேண்டும். மொத்தம் 13 மடிப்பு என்பது வழக்கம். முடிவில் சிவப்பு எட்டிப் பார்த்தால் கடைசியில் மடித்தவரைக் குறைசொல்லிப் பயனில்லை: முதல் முக்கோணம் தளர்ந்திருக்கும், அல்லது நீள மடிப்பில் ஓரங்கள் சேர்ந்திருக்காது. குடும்பத்தின் கண்முன்னே பிரித்து மறுபடி மடிப்பதைவிட, சிவப்பை உள்ளே செருகிவிட்டு நகர்வது மேல். கொடுக்கும்போது நேரான விளிம்பு பெறுபவரைப் பார்த்திருக்கட்டும். மனைவி, பெற்றோர் இருவகையினரும் இருந்தால் இரண்டாவது கொடி தேவைப்படலாம். அதை முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் பொருள் சொல்லும் உரை ஒன்று சுற்றுகிறது. அது கொடிச் சட்டத்தில் இல்லை, அதில் மதச் சாயலும் உண்டு. குடும்பம் கேட்டாலன்றி வாசிக்க வேண்டாம்.

இறந்தவருக்காக மணி அடிப்பதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். நியூயார்க் நகரில் பழைய தந்தி எச்சரிக்கை முறையிலிருந்து வந்த ஐந்தைந்தாக நான்கு முறை. வேறு இடங்களில் 5-5-5 அல்லது 3-3-3. எதுவானாலும் அடிப்பவர் கையில் எழுதிக் கொடுங்கள். ஒரு ஒலி அடங்குமுன் அடுத்ததை அடித்தால் எண்ணிக்கை குழம்பும். மணிச் சடங்கின் உரையை வாசிப்பவரும் மணி அடிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இறந்தவரின் பெயரை வயர்லெஸ்ஸில் கடைசி முறையாக அழைக்கும் 'கடைசி அழைப்பு' இன்னும் வில்லங்கமானது. கட்டுப்பாட்டு மையம் வழக்கமான எச்சரிக்கை ஒலியை (டோன்) அனுப்பினால் வந்திருப்போரின் இடுப்பில் உள்ள பேஜர்கள் எல்லாம் ஒன்றாக அலறும். மண்டபத்தில் ஒரே ஒரு வயர்லெஸ் மட்டும் இயங்கட்டும். இரண்டு அருகருகே இருந்தால் கீச்சென்று இரையும். இறந்தவரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அரைக்கம்பம் என்றால் கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்குமுன் மறுபடி உச்சிக்குப் போக வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சடங்குக்கு முன்பே நடக்கிறது. வீட்டில் மாரடைப்பால் இறந்தவரை 'பணியில் இறக்கவில்லை' என்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடுகிறார்கள். கடுமையான பணி முடிந்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ தாக்கி இறந்தவர்களின் குடும்பமும் கூட்டாட்சி அரசின் உதவித்தொகை கோர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. தன்னார்வலர்களும் அதில் அடக்கம். எனவே அவர் கடைசியாகப் போன அழைப்பின் பதிவேட்டையும் நேரக் குறிப்புகளையும் முதல் நாளே பத்திரப்படுத்துங்கள்.