பனஞ்சிலாகையின் விறைப்பை நார்ப்பரப்பை வைத்துக் கணித்தல்

பூநகரியிலோ கிளிநொச்சியிலோ கூரைக்கு ஏற்றும் பனஞ்சிலாகையில் பட்டைப் பக்கம் வைரம், உட்பக்கம் மெது. காரணம், வெட்டுமுகத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும் கலன்கட்டுகள் (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்களும் நாரும் சேர்ந்த கட்டுகள்) பட்டையோரத்தில் நெருக்கமாக இருப்பது. அவற்றின் பரப்பை அளந்தால், வளைத்துப் பார்க்காமலே யங்கின் மட்டை, அதாவது விறைப்பின் அளவைக் கணிக்கலாம். அதற்கு முதலில் சில சிலாகைகளை வளைத்து, பரப்புக்கும் மட்டுக்கும் உள்ள தொடர்பை ஒருமுறை வரைந்துகொள்ள வேண்டும்.

மரக்காலைக் கழிவிலிருந்து ஒரே குற்றியை எடுத்து, பட்டையிலிருந்து நடுவை நோக்கி வரிசையாக 10 மிமீ சதுரத்தில், 450 மிமீ நீளத்தில் 6 சிலாகைகள் சீவுங்கள். நிறை மாறாமல் நிற்கும்வரை ஒரே அறையில் வையுங்கள். மாரியில் ஒன்று, சோளகத்தில் ஒன்று என்று அளந்தால் ஈரப்பற்றின் வேறுபாடும் சேர்ந்து வந்துவிடும்.

400 மிமீ இடைவெளியில் இரு தாங்கிகள். நடுவில் 1 கிலோ. இறக்கத்தை முள்மானியால் அளவிடுங்கள். மட்டு = விசை × இடைவெளியின் கனம் (மூன்றாம் அடுக்கு) ÷ (4 × அகலம் × தடிப்பின் கனம் × இறக்கம்). 1.6 மிமீ இறங்கினால் ஏறத்தாழ 9.8 கிகாபாஸ்கல். தடிப்பில் 0.2 மிமீ பிழை விடையில் 6 வீதமாகும். வேணியரால் மூன்று இடத்தில் அளவுங்கள்.

பலர் கவனிக்காதது சிலாகையை வைக்கும் பக்கம். பட்டைப் பக்கம் மேலோ கீழோ இருந்தால், வளைவில் ஓரங்களுக்கே பங்கு அதிகம் என்பதால் வருவது நேரான சராசரி அல்ல. பட்டைப் பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அப்போதுதான் கலவை விதி (மொத்த மட்டு என்பது பகுதிகளின் மட்டுகளைப் பரப்புப் பங்குப்படி எடுத்த சராசரி) பொருந்தும்.

பிறகு நுனியை 120, 400, 600 மண்தாளால் தேய்த்து, 600 டிபிஐயில் ஸ்கான் செய்து, இலவச மென்பொருளான இமேஜ்ஜேயில் கரும்பகுதியின் பரப்புப் பின்னத்தை எடுங்கள். பின்னம் கிடையச்சு, மட்டு நிலையச்சு. ஒரு நேர்கோடு பொருத்துங்கள். பின்னம் 0 இல் கோடு காட்டுவது மென்திசுவின் மட்டு, 1 இல் காட்டுவது கலன்கட்டின் மட்டு.

வெட்டுத்துண்டு (பின்னம் 0 இல் கோடு காட்டும் மட்டு) மறைப் பெறுமானமாக வந்தால் உடனே அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். பட்டையோரத்துக் கலன்கட்டுகளின் நார்ச்சுவர் தடிப்பானது, ஆகவே எல்லாக் கட்டுக்கும் ஒரே மட்டு என்ற எடுகோள் அங்கே உடைகிறது. கட்டுக்குள் வெளிறித் தெரியும் குழாய்களைக் கழித்து, நார்ப்பகுதியை மட்டும் எண்ணி மீண்டும் வரையுங்கள்.

ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே விழுந்தால் நார் சாய்ந்திருக்கிறதா என்று பக்கத்தைப் பாருங்கள். குறுக்கு மட்டு நெடுக்கு மட்டின் பத்திலொன்று எனக் கொண்டால், 10 பாகைச் சாய்வே விறைப்பில் ஐந்திலொரு பங்கைத் தின்றுவிடும்.