கோரைப்பல் வெளியே வரவில்லையா? ஒன்பது வயதிலேயே விரலை வைத்துப் பாருங்கள்

பிள்ளைக்கு ஒன்பது வயது முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, சுண்டுவிரலை அவர்களுடைய மேலுதட்டுக்குள் விட்டு, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன மேடு தட்டுப்படும். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் நிரந்தரக் கோரைப்பல் அது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பத்து வயதாகியும் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் வெட்டுப்பல் மிகச் சிறியதாக, கூம்பு போல இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். இவை இரண்டும் சேர்ந்து வருவது உண்டு.

என் மகளுக்கு இடப்பக்கம் தட்டை. அப்போது அவள் சிங்கப்பூரில் தொடக்கநிலை 4, அதாவது நான்காம் வகுப்பு. அத்தைக்கு இதெல்லாம் வீண் வேலை. "தெத்துப்பல் இருந்தா அதிர்ஷ்டம்மா, விடு" என்றார். தெத்துப்பல்லாவது கண்ணுக்குத் தெரிகிறது. இது அண்ணத்துப் பக்கம் சாய்ந்து ஒளிந்திருக்கும் பல். கடைவாயில் கடைசியாக வரும் ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் புதைந்துபோவது மேல் கோரைப்பல்தான். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம். புதைந்த பல் சும்மா கிடந்தால் பரவாயில்லை. சில சமயம் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அரித்துவிடும். அப்போதுகூட வலிக்காது. "வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது என்பதைத்தான் நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்கிறேன்.

எங்கே போவது? பள்ளிப் பல் மருந்தகத்தில் இருந்தே தொடங்கலாம். சோதனைக்கு அழைக்கும் நாளில் "கோரைப்பல் மேடு தட்டுப்படுகிறதா, பாருங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் தாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டார்கள். அங்கிருந்தோ பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இருந்தோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஊட்ரம் தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ, கெண்ட் ரிட்ஜில் இருக்கும் பல்கலைக்கழக வாய்நல நிலையத்துக்கோ போகலாம். மானியக் கட்டணம் வேண்டுமென்றால் கடிதம் இல்லாமல் நேராகப் போய் நிற்காதீர்கள். தனியார் மருந்தகம் என்றால், பார்ப்பவர் பல்சீரமைப்பு நிபுணராகப் பதிவு பெற்றவரா என்று சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேஸஸ் (பல் கம்பி) போடுபவர்கள் எல்லாருமே நிபுணர்கள் இல்லை.

முதலில் வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தைத் திரையில் காட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கோரைப்பல்லின் தலை, பக்கத்து வெட்டுப்பல்லின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டதா? அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் இந்த விடையைப் பொறுத்தது. பல் அண்ணத்துப் பக்கம் இருந்து, பிள்ளைக்கு 10 முதல் 13 வயதுக்குள் இருந்தால், அந்த இடத்தில் இன்னும் விழாமல் இருக்கும் பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. சுவீடனின் எரிக்சன், குரோல் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், நடுக்கோட்டைத் தாண்டாத பற்களில் 91 விழுக்காடு தானாகச் சரியான பாதைக்குத் திரும்பின. தாண்டியவற்றில் 64 விழுக்காடு. ஒரு பால்பல்லைப் பிடுங்குவதோடு வேலை முடியலாம் என்றால், அதற்காகவே சீக்கிரம் போகலாம். ஆனால் பிடுங்கிய பிறகு மறந்துவிடக்கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஓராண்டாகியும் பல் நகரவில்லை என்றால் மேலும் காத்திருப்பதில் பயனில்லை.

என் மகளுக்கு நகரவில்லை. அப்படியானால் அடுத்த கட்டம் இது: பிரேஸஸ் போட்டு முதலில் இடம் உண்டாக்குவார்கள். அப்புறம் சிறிய அறுவை சிகிச்சையில் ஈறைத் திறந்து, புதைந்த பல்லின் மேல் ஒரு குட்டிப் பொத்தானை ஒட்டி, அதிலிருந்து மெல்லிய சங்கிலியை வெளியே கொண்டுவந்து பிரேஸஸ் கம்பியில் கட்டுவார்கள். தூண்டிலில் மீன் இழுப்பது மாதிரி என்று என் மகள் சொன்னாள். ஆனால் இழுப்பு அவ்வளவு வேகமில்லை. மெல்லிய விசைதான், சில வாரங்களுக்கு ஒருமுறை சரிசெய்வார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பல் எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் இழுத்தாலும் வராது. அப்படியானால் என்ன செய்வார்கள் என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது பள்ளி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை 6 என்றால் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வரும். வாயில் தையலோடு தமிழ் வாய்மொழிக்குப் போய் உட்கார்ந்தால் 'ழ' எங்கிருந்து வரும்? ஜூன் விடுமுறையின் முதல் வாரமோ ஆண்டிறுதி விடுமுறையோ வசதி.

பணம் பற்றி: அறுவை சிகிச்சைப் பகுதிக்குப் பெற்றோர் தங்கள் மெடிசேவை (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், பிரேஸஸுக்கு முடியாது. ஆகவே இரண்டுக்கும் மதிப்பீட்டைத் தனித்தனியாகக் கேளுங்கள். சங்கிலி கழன்று மறுபடி ஒட்ட வேண்டி வந்தால் யார் செலவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அறுவைக்குப் பிறகு சில நாள் வீக்கம் இருக்கும். கஞ்சி, தயிர்ச்சோறு, ஊறவைத்த இடியாப்பம் போதும். முறுக்குக்கும் சீடைக்கும் பிரேஸஸ் கழற்றும்வரை விடுப்பு. தீபாவளி சமயத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும்போது இதைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, தட்டை நீட்டும் சித்திமார்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். சங்கிலி உதட்டிலோ நாக்கிலோ உரசினால் மருந்தகத்தில் தரும் மெழுகை ஒட்டலாம். சங்கிலி தொங்கினாலோ அறுந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே தொலைபேசியில் அழையுங்கள். நீங்களே வெட்டாதீர்கள்.

பல் இறங்கி வரிசையில் நின்ற பிறகும், பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் போட வேண்டும், இல்லையென்றால் பற்கள் பழைய இடத்துக்கு நழுவப் பார்க்கும். கழற்றி மாட்டும் வகை என்றால் பள்ளி உணவகத்தில் அதை டிஷ்யூவில் சுற்றித் தட்டின் மேல் வைக்கும் பழக்கம் வேண்டாம், குப்பைக்குப் போய்விடும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு டப்பா வாங்கிக் கொடுங்கள். இந்தப் பிரச்சினை குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் தம்பி தங்கைகளையும் ஒன்பது வயதிலேயே தடவிப் பார்த்துவிடுங்கள். என் மகனுக்கு இரண்டு பக்கமும் மேடு இருக்கிறது. விரலை அவன் கடித்ததுதான் மிச்சம்.