மானிப்பாய் ‘மானி’ ஆவது எப்படி?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் அங்கத்தவர் முகவரிகளைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் திருத்த உட்காரும் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். வேலை சிறியது: காற்புள்ளிகளால் பிரிந்த முகவரியில் கடைசித் துண்டை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலில் கை போவது, ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக்கும் ‘ரீப்ளேஸ்’ (replace) பக்கம். ‘பருத்தித்துறை வீதி,நெல்லியடி,பருத்தித்துறை’ என்ற வரியில் ஊர்ப்பெயரை ‘யாழ் மாவட்டம்’ ஆக்கச் சொன்னால், வீதியின் பெயரும் சேர்ந்து மாறிவிடும். ஒருமுறை மட்டும் மாற்றுமாறு 1 கொடுத்தால் இன்னும் மோசம். அது இடப்பக்கமிருந்தே எண்ணும். வீதி மாறும், ஊர் அப்படியே நிற்கும்.

வலப்பக்க முனையிலிருந்து நீக்கும் ‘ஆர்ஸ்ட்ரிப்’ (rstrip) செய்யும் சேதம் இதைவிடப் பெரியது. கொடுக்கும் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, அது ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. தனித்தனிக் குறிகளின் கூட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தில் இல்லாத குறி எதிர்ப்படும்வரை வலப்பக்கமிருந்து தின்றுகொண்டே போகும். ‘மானிப்பாய்,யாழ்ப்பாணம்’ என்பதிலிருந்து ‘,யாழ்ப்பாணம்’ என்பதை இதனால் நீக்கிப் பாருங்கள். மிஞ்சுவது ‘மானி’! எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடில் ‘ய்’ என்பது யகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். ‘பா’ என்பது பகரமும் காலும். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லுக்குள் இந்த நான்கு குறிகளும் இருப்பதால் ‘ப்பாய்’ முழுவதும் போய்விடுகிறது. சுன்னாகம் ‘சுன்னாக’ ஆகும். நல்லூர் ‘நல்லூர’ ஆகும். மெய்யில் முடியும் எந்த ஊரும் தன் புள்ளியைப் பறிகொடுக்கும். தமிழில் நிரல் எழுதுபவர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

நீக்க வேண்டிய பின்னொட்டு தெரிந்திருந்தால், 2020இல் வெளிவந்த பைத்தான் 3.9 முதல் அதை மட்டும் நீக்கும் ‘ரிமூவ்சஃபிக்ஸ்’ (removesuffix) இருக்கிறது. சரங்கள் மாறாதவை; பழைய சரம் அப்படியே இருக்கும் என்பதால் விளைவை மறக்காமல் ஒரு மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) வாங்குங்கள்.

கடைசித் துண்டு என்னவென்று தெரியாதபோது ‘ஆர்பார்டிஷன்’ (rpartition) நல்லது. வலப்பக்கக் கடைசிக் காற்புள்ளியில் வெட்டி எப்போதும் மூன்று பகுதிகள் தரும். முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை மாற்றினால் போதும். ஆனால் வரியில் காற்புள்ளியே இல்லாமல் ‘அராலி’ என்று மட்டும் இருந்தால், முதல் இரண்டும் வெறுமையாகி முழுச்சரமும் மூன்றாவதில் போய் விழும். அதை மாற்றிவிட்டால் அராலி தடயமின்றி அழிந்துவிடும். நடுப்பகுதி வெறுமையா என்று பார்த்த பின்பே கை வையுங்கள்.

வரி காற்புள்ளியிலேயே முடிந்தால் கடைசித் துண்டு வெறுமையாக இருக்கும். புதிய பெயர் பழையதை நீக்காமல் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே அந்தக் காற்புள்ளியை அகற்றிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு, காற்புள்ளியை மட்டும் கொடுத்தால், ஆர்ஸ்ட்ரிப்தான் சரியான கருவி.