ஏ-ஸ்கேன் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணின் நீளத்தைக் காதுக்குக் கேட்காத ஒலி அலையின் எதிரொலியால் அளக்கும் ஏ-ஸ்கேன் கருவி எவ்வளவு நிலையாக அளக்கிறது என்று சோதித்துப் புதியவர்கள் கொண்டுவரும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் எல்லோரும் செய்த அதே பிழைகள்தான் கண்ணில் படுகின்றன. மரப்பு சொட்டு போட மறப்பது, வலக்கண்ணை இடக்கண் என்று எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒரே தொடுதலில் பத்து அளவு

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. புரோபை, அதாவது ஒலியை அனுப்பும் முனையைக் கருவிழி மேல் வைத்து, அதை எடுக்காமலே பத்து அளவு எடுத்து, கருவியின் திரையில் வரும் திட்டவிலக்கத்தை (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் எண்) அப்படியே எழுதிக்கொண்டு வந்து, "இந்தக் கருவி பிரமாதம்" என்கிறார்கள். அந்தப் பத்தும் பத்து அளவுகள் அல்ல, ஒரே அளவுதான். எவ்வளவு அழுத்தினீர்கள், எந்தக் கோணத்தில் பிடித்தீர்கள், நடுவில் எவ்வளவு கண்ணீர் தேங்கியிருந்தது என்பதெல்லாம் பத்திலும் மாறவே இல்லையே! பிழை ஒன்றுதான், அது பத்து தடவை பதிவாகியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் இப்படித்தான் 0.02 மி.மீ. திட்டவிலக்கம் என்று ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதே கண்ணை, ஒவ்வொரு தடவையும் புரோபை எடுத்து, கண் சிமிட்டச் சொல்லி, தாடையைத் தாங்கியிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்கச் சொல்லி அளக்க வைத்தேன். மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, முதல் தாளில் தெரியாத சிதறல் இப்போதுதான் வெளியே வந்தது.

0.3 மி.மீ. சின்ன விஷயம் இல்லை. கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸின் பவரை இந்த நீளத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். 23.5 மி.மீ. நீளமுள்ள சராசரிக் கண்ணில் 1 மி.மீ. பிழை, கண்புரை அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ 2.35 டையாப்டர் பவர் பிழையாகிறது. 20 மி.மீ. கண்ணில் அது 3.75 வரை போகும். நல்ல பார்வையை எதிர்பார்த்து வந்தவர் கண்ணாடியோடு வீடு திரும்புவார்.

சரி, எப்படிச் செய்வது? ஒவ்வொரு அளவுக்கும் புரோபை எடுத்துத் திரும்ப வையுங்கள். இன்னொருவரையும் அளக்கச் சொல்லுங்கள், உங்கள் எண்களை அவருக்குக் காட்டாதீர்கள். முடிந்தால் வேறொரு நாளிலும் அளந்து பாருங்கள். ஒரே கண்ணுக்குள் வரும் திட்டவிலக்கத்தை 2.77 ஆல் பெருக்கினால், எந்த இரண்டு அளவுகளும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை எவ்வளவுக்குள் வித்தியாசப்படும் என்று தெரியும். திட்டவிலக்கம் 0.12 மி.மீ. என்றால் அந்த எல்லை 0.33 மி.மீ., சராசரிக் கண்ணில் கிட்டத்தட்ட 0.8 டையாப்டர்.

அப்புறம் முன்னறை ஆழத்தையும், அதாவது கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அட்டவணையில் எழுதுங்கள். மொத்த நீளம் குறையும்போது முன்னறையும் அதே அளவு குறைந்து, லென்ஸ் தடிமன் மட்டும் மாறாமல் இருந்தால், கருவிழியை அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிடிக்காத எண்ணை அழிப்பது

திரையில் வரும் எதிரொலி அலையைப் பார்த்து நீக்குங்கள், எண்ணைப் பார்த்து நீக்காதீர்கள். லென்ஸின் இரண்டு முகங்களும் உயரமாக வர வேண்டும், விழித்திரையின் முனை செங்குத்தாக எழ வேண்டும், அதன் பின்னால் வெண்படலத்தின் எதிரொலி தெரிய வேண்டும். வெண்படலம் தெரியவில்லை என்றால் ஒலிக்கற்றை பார்வை நரம்பில் விழுந்திருக்கலாம். எதை நீக்குவது என்ற விதியை அளக்கத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

சோதனைக் கட்டை சரியாகக் காட்டினால் போதும் என்பது

கருவியைச் சரிபார்க்கக் கண்ணுக்குப் பதிலாக அளக்கும் இந்தக் கட்டை அமுங்காது, அசையாது. அது மின்னணுப் பகுதியை மட்டும்தான் சோதிக்கிறது. அதில் எழுதியிருக்கும் ஒலிவேகத்தைக் கருவியில் வைக்காமல் அளந்தால் அந்தச் சோதனைக்கும் பயனில்லை. தண்ணீரில் சோதிப்பவர்கள் வெப்பநிலையைக் கவனியுங்கள்: 20 டிகிரியில் ஒலிவேகம் நொடிக்கு 1482 மீட்டர், கருவியோ கண்ணின் திரவத்துக்கு 1532 என்று வைத்திருக்கும். 23.5 மி.மீ. தூரம் 24.3 என்று காட்டும்.

ஒட்டுறவுக் கெழு 0.99

இரண்டு கருவிகளின் எண்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும்தான் இந்தக் கெழு சொல்லும். ஒரு கருவி எப்போதும் அரை மி.மீ. கூட்டிக் காட்டினாலும் 0.99 வரும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் விளக்கிய முறையில், இரண்டு கருவிகளின் வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிரே வரைந்து பாருங்கள்.

ஒருவரின் இரண்டு கண்களை இரண்டு பேராக எண்ணுவது

கூடாது.

சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய கண்

தனியாக வையுங்கள். எண்ணெயில் ஒலிவேகம் நொடிக்கு 980 மீட்டர் அளவில்தான் இருக்கும்.

அமிழ்த்தி அளந்தால் பிரச்சினையே இல்லை என்பது

கண் மேல் கிண்ணம் வைத்துத் திரவத்தில் அளந்தால் அழுத்தம் போய்விடும், அதனால் நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் கோணப் பிழை போகாது, கிண்ணத்துக்குள் காற்றுக்குமிழி சேர்ந்தாலும் அலை கெடும். அங்கேயும் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை எடுத்து, திரும்ப வைத்து, புதிதாக நேர்ப்படுத்தித்தான் அளக்க வேண்டும்.