கறுத்ததெல்லாம் ஆறியதல்ல: எரிமலைக் குழம்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டியிலிருந்து உருட்டி எடுத்த ராகிக் களி, மேலே தோல் கட்டிய பிறகும் நடுவில் விரலைச் சுட்டுவிடும் என்பதைத் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிமலைக் குழம்பும் அப்படித்தான் ஆறுகிறது. கறுத்துவிட்டதால் ஆறிவிட்டது என்று நம்புவதே இதில் முதல் தவறும் பெரிய தவறும் ஆகும்.

ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெளிவரும், பசால்ட் என்னும் கரும்பாறையாக உறையும் குழம்பின் மேற்பரப்பு, காற்றுப் பட்டதும் செந்நிறம் மங்கிக் கறுக்கத் தொடங்கிவிடும். கல் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவதால், அந்தத் தோலே உள்ளிருக்கும் சூட்டுக்குப் போர்வையாகிவிடுகிறது. ஹவாய் தீவில் அளந்து கண்ட கணக்குப்படி, 10 சென்டிமீட்டர் தோல் கட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மீட்டர் கட்ட ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தடிமன் இரு மடங்காக, காலம் நான்கு மடங்காகிறது. அங்கே கிலாவேயா இக்கி பள்ளத்தில் 1959இல் தேங்கிய, 100 மீட்டருக்கும் ஆழமான குழம்பு ஏரியை 1981இல் துளையிட்டபோதும், உள்ளே உருகிய பாறை மிச்சமிருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது அடுப்பைப் பார்த்துத்தான் என்றாலும், இதற்கும் அது அப்படியே பொருந்துகிறது.

தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும் என்பது அடுத்த தவறு. ஐஸ்லாந்தின் ஹைமாய் தீவில் 1973இல் துறைமுகத்தை மூட வந்த குழம்பின் மேல் கடல்நீரைப் பாய்ச்சி அதன் போக்கைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அதற்கு மாதக்கணக்கான உழைப்பும் ஏறத்தாழ 60 லட்சம் டன் நீரும் தேவைப்பட்டன. ஈரம் குழம்புக்கு அடியில் சிக்கிக்கொண்டால், அது நொடியில் ஆவியாகி, மேலிருக்கும் குழம்பை வெடித்துச் சிதறடிக்கும்.

கடலில் குழம்பு விழும் இடத்தில் எழும் வெண்மேகத்தை வெறும் நீராவி என்று எண்ணிப் படம் பிடிக்க நெருங்குவதும் தவறே. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்திருக்கும். 2018 ஜூலை 16 அன்று ஹவாய்க் கரைக்கு அப்பால், கடலுக்குள் நிகழ்ந்த வெடிப்பில் தெறித்த கற்கள் சுற்றுலாப் படகின் கூரையைத் துளைத்து 23 பேரைக் காயப்படுத்தின. புதிதாகக் கடலுக்குள் நீண்ட கரையும் திடமான நிலமன்று. தளர்ந்த சிதறல்களின் மேல் நிற்கும் அது முன்னறிவிப்பின்றிச் சரியக்கூடும்.

நம் ஊர்ப் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குவாரிகளில் வெட்டப்படும் கறுப்புக் கல்லை எரிமலை கக்கியது என்று பலர் சொல்கிறார்கள். வியாபாரத்தில் கறுப்பு கிரானைட் எனப்படும் அந்தக் கல்லில் பெரும்பகுதி டோலரைட். நிலத்தடி விரிசல்களில் ஏறிய பாறைக் குழம்பு, மேலே வந்து வழியாமல் அங்கேயே உறைந்தது. வெட்டுமுகத்தில், வெளிறிய பழைய பாறையைத் தொட்டு நிற்கும் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: விரைவில் குளிர்ந்ததால் அங்கே கல்லின் படிக மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். விரிசலில் சுவர்போல் உறைந்த அந்தக் கல்லின் நடுப்பகுதிக்கு வரவர, வெள்ளைக் கீற்றுகளும் கறுப்பு மணிகளும் தனித்தனியே பளபளக்கும். உறைய அதற்கு நிறைய நாள் கிடைத்திருக்கிறது.